காற்றை அளந்த கேரியர்

இளநிலை இயற்பியல், மூன்றாமாண்டு

மலையடிவாரத்து ஊர்க்காரர்களாகிய நமக்கு இரண்டு தட்பவெப்பங்கள் பழக்கம். சித்திரை வெயிலில் போடிநாயக்கனூர்க் கடைவீதியில் நின்றால் உச்சந்தலை கொதிக்கும். அங்கிருந்து பேருந்தேறிக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டில் இறங்கினால் துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்ளத் தோன்றும். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் மேலே வந்திருக்கிறோம். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு பாகை செல்சியஸ் வெப்பம் குறைவது இயற்கையின் கணக்கு. நினைத்தபோதெல்லாம் மலையேற முடியாதவர்கள் மலைக்காற்றை வீட்டுக்குள் அழைக்க விரும்புகின்றனர். ஆகவே வசதி படைத்தோர் வீட்டில் மட்டுமே இருந்த குளிர்சாதனப் பெட்டி இன்று கூட்டுறவுக் கடன் வாங்கியும், நகையை அடகு வைத்தும் நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் பொருளாகிவிட்டது.

கடையில் ஏறியவுடன் கேட்கப்படும் முதற்கேள்வி, ஒரு டன்னா, ஒன்றரை டன்னா, இரண்டு டன்னா என்பதுதான். எதன் டன் என்று வாங்குபவரும் கேட்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணத்தில் கையிலுள்ள பணத்துக்கேற்ப டன்னைத் தீர்மானித்துவிடுகிறோம். இந்தக் கேள்விக்கு விடை காண்பதையே தம் வாழ்நாள் தொழிலாகக் கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. அவர் வில்லிஸ் ஹேவிலண்ட் கேரியர் என்னும் அமெரிக்கப் பொறியாளர். அவருடைய வரலாற்றை அறிந்தால் டன் கணக்கும் தானாகவே விளங்கிவிடும் என்பதால் அதனை இங்கு எழுத முற்பட்டேன்.

கேரியர் என்றதும் விடியற்காலையில் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குச் செல்வோர் கையிலுள்ள சாப்பாட்டுக் கேரியர்தான் நமக்கு நினைவுக்கு வரும். இவரோ 1876ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தில் ஈரி ஏரிக்கு அருகிலுள்ள அங்கோலா என்ற சிற்றூரில், ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தாயார் கெட்டுப்போன கடிகாரங்களையும் தையல் எந்திரங்களையும் தாமே பழுது பார்க்கும் கைத்திறன் உடையவர். சிறுவன் வில்லிசுக்குப் பின்னக் கணக்கு விளங்கவில்லை. அரை, கால், அரைக்கால் என்பவை வெறும் எழுத்துகளாகவே தோன்றின. அம்மையார் நிலவறையிலிருந்து ஆப்பிள் பழங்களை எடுத்துவரச் சொல்லி, அவற்றை இரண்டாகவும் நான்காகவும் எட்டாகவும் நறுக்கவைத்து, துண்டுகளைக் கூட்டவும் கழிக்கவும் கற்பித்தார். எந்தச் சிக்கலையும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய துண்டுகளாக நறுக்கிக்கொள்ள வேண்டும் என்பதைத் தாம் அன்று கற்றதாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்வது வழக்கமாம். அந்தத் தாய், மகனுக்குப் பதினொரு வயதாகும்போது மறைந்தார்.

அவர் உயர்நிலைப் பள்ளியில் படித்த காலத்தில் அமெரிக்காவையே பொருளாதார மந்தம் வாட்டிக்கொண்டிருந்தது. விடியலில் எழுந்து பால் கறந்துவிட்டுப் பள்ளிக்குச் சென்றார். சிலகாலம் தாமே ஆசிரியராக இருந்து பொருளீட்டினார். பின்னர் உதவித்தொகை பெற்றுக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். உதவித்தொகை கல்விக்குப் போதும்; உணவுக்குப் போதாது. புல்வெட்டியும், கணப்பு அடுப்புகளுக்குக் கரி தள்ளியும், மாணவர்களுக்கெனக் கூட்டுறவுச் சலவை நிலையம் ஒன்றை நடத்தியும் படித்து, 1901இல் இயந்திரப் பொறியியற் பட்டம் பெற்றார். நம் கல்லூரியில் வார இறுதியில் தோட்டக் கணக்கு எழுதியும், துணிக்கடையில் நின்றும் படிக்கும் தோழர்கள் இந்தப் பகுதியை இருமுறை படிக்கலாம்.

பட்டம் பெற்ற அதே ஆண்டில் பஃபலோ நகரிலிருந்த பஃபலோ ஃபோர்ஜ் என்னும் நிறுவனத்தில் வாரம் பத்து டாலர் ஊதியத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த முதற்பணிகள் மரத்தையும் காப்பிக் கொட்டையையும் உலர்த்தும் சூடேற்றிகளை வடிவமைப்பது. குளிர்சாதனத்தின் தந்தை என்று உலகம் போற்றும் மனிதர் தொழில் தொடங்கியது வெந்நிறக் காற்றில் காப்பியைக் காயவைத்து! நம் ஏலமலையில் ஸ்டோர் என்று நாம் சொல்லும் உலர்களத்தில் நடப்பதும் ஏறத்தாழ இதேதான். தோட்டத்திலிருந்து வரும் பச்சைக் காயின் எடையில் ஐந்தில் நான்கு பங்கு நீர். தட்டுகளில் பரப்பி, விறகு அடுப்பின் வெப்பம் ஓடும் குழாய்களால் அறையைச் சூடாக்கி, ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் வைத்திருக்க வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காயாகும். அனல் கூடிப்போனால் பச்சை நிறம் போகும். நிறம் போனால் ஏலத்தில் விலை போகும். தொடக்கத்தில் காயிலிருந்து எழும் நீராவி வெளியேறக் காற்றுவாரிகளைத் திறந்துவைத்து, பின்னர் அடைப்பர். சூடு மட்டும் போதாது, ஈரம் எங்கே போகிறது என்பதைக் கவனித்தாக வேண்டும் என்பது ஸ்டோர் மேஸ்திரிக்குப் பட்டறிவால் தெரியும். கேரியர் அதை எண்ணாக்க விரும்பினார்.

அக்காலப் பொறியாளர்களுக்கு ஒரு சுருள்குழாய் காற்றுக்கு எவ்வளவு வெப்பம் தரும் என்பது துல்லியமாகத் தெரியாது. ஆகவே எதற்கும் இருக்கட்டும் என்று வேண்டியதற்கு மேலாகவே குழாய்களை அடுக்கினார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் அறியாமைக்குப் பணம் செலவாயிற்று. கேரியர் மாலை வேளைகளில் தங்கிச் சோதனைகள் செய்து, காற்றின் வேகம், நீராவியின் அழுத்தம் ஆகியவற்றுக்கேற்ப எத்தனை குழாய் தேவை என்று அட்டவணைகள் தயாரித்தார். அவற்றால் அந்த நிறுவனத்துக்கு ஒரே பருவத்தில் 40,000 டாலர் மிச்சமாயிற்று. அவருடைய பெருமை முழுவதும் இந்தச் சிறு நிகழ்ச்சியிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. பிற்காலக் கண்டுபிடிப்புகளெல்லாம் இதன் நீட்சியே.

1902ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த சாக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்னும் அச்சகத்திலிருந்து ஒரு சிக்கல் வந்தது. அது வண்ணப்படங்கள் அச்சிடும் இடம். ஒரே தாளை ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒருமுறையாகப் பலமுறை எந்திரத்தில் செலுத்த வேண்டும். ஈரமான நாளில் தாள் நீரை உறிஞ்சி விரியும். வறண்ட நாளில் சுருங்கும். நேற்று அடித்த மஞ்சளின்மேல் இன்று அடிக்கும் சிவப்பு பொருந்தாமல் ஒரு மயிரிழை விலகி நிற்கும். தாளும் வீண், மையும் வீண், தவணையும் தவறும். அச்சகத்தார் கேட்டது குளிரை அன்று. ஆண்டு முழுவதும் மாறாத ஈரப்பதம்.

கேரியருக்கு அப்போது வயது இருபத்தைந்து. முதலில் நீரை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு உப்புக் கரைசலில் நனைத்த சாக்குத்துணியின் ஊடே காற்றைச் செலுத்திப் பார்த்தார். ஈரம் குறைந்தது, ஆனால் காற்றில் உப்பு கலந்தது, எந்திரம் துருப்பிடிக்கும். அதைக் கைவிட்டு, வானிலைத் துறையின் அட்டவணைகளைப் புரட்டினார். சூடான காற்று நிறைய நீராவியைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகவே தாங்கும் என்பது நம் பாடநூலிலும் உள்ளதுதான். 30 பாகையில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராம். 10 பாகையில் ஒன்பதரை கிராம் அளவே. ஆக, காற்றைப் பனிநிலைக்குக் கீழே குளிர்வித்தால் மிகுதி நீர் தானாகவே துளித்துளியாக வடிந்துவிடும். குளிர்ந்த சோடா புட்டியின் வெளிப்புறம் வியர்ப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். கேரியர் சுருள்குழாய்களில் கிணற்று நீரையும், அம்மோனியா எந்திரத்தால் பெற்ற குளிர்ச்சியையும் செலுத்தி, அவற்றின்மீது காற்றை ஓட்டி, ஈரப்பதத்தை 55 விழுக்காட்டில் நிறுத்தத் திட்டமிட்டார். 1902 ஜூலை 17 என்று நாளிடப்பட்ட அந்த வரைபடங்களையே இன்றைய குளிர்சாதனத்தின் பிறப்புச் சான்றிதழாகக் கொள்கின்றனர். வேண்டிய குளிர்ச்சியின் அளவையும் கணக்கிட்டிருந்தார்: ஒரு நாளில் 1,08,000 பவுண்டு பனிக்கட்டி உருகும்போது உறிஞ்சப்படும் வெப்பம்.

டன் என்ற சொல்லின் மூலம் இங்கேதான் இருக்கிறது. எந்திரக் குளிர்ச்சி வருவதற்கு முன்பு குளிர்ச்சி என்றால் பனிக்கட்டிதான். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம் 1842இல் அமெரிக்க வணிகர் ஃபிரெடரிக் டியூடரால் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ். அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிப்பாளங்கள் மரத்தூளில் பொதிந்து கப்பலேறி வந்து அங்கே இறங்கின. பனிக்கட்டியை எடைபோட்டு விற்றார்கள். குளிர்ச்சியையும் எடையாலேயே சொன்னார்கள். எந்திரம் வந்த பின்பும் அந்த வழக்கு நிலைத்துவிட்டது. அமெரிக்க டன் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ. அத்தனை பனிக்கட்டி ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்த 24 மணி நேரத்தில் உருகி நீராவதற்கு எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து இழுத்து வெளியே தள்ளும் எந்திரம் ஒரு டன் எந்திரம். ஒரு கிலோ பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பம் 334 கிலோஜூல். அதை 907ஆல் பெருக்கி, ஒரு நாளின் 86,400 நொடிகளால் வகுத்தால் மூன்றரைக் கிலோவாட் வரும். நண்பர்கள் போட்டுப் பார்க்கலாம். கேரியரின் அச்சகக் கணக்கு 54 டன்.

அந்த ஆண்டுப் பனிக்கால மாலை ஒன்றில் பிட்ஸ்பர்க் இரயில் நிலைய மேடையில் அவர் வண்டிக்காகக் காத்திருந்தார். எங்கும் மூடுபனி. போடிமெட்டிலும் டாப் ஸ்டேஷனிலும் எதிரே வரும் ஆள் தெரியாமல் மூடுபனி படர்வதை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். குளிர்கிறது என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கடைக்குள் நுழைந்துவிடுவோம். கேரியர் நின்று யோசித்தார். இந்தக் காற்று ஈரத்தால் முழுமையாக நிறைந்திருக்கிறது. ஆயினும் குளிராக இருப்பதால் அதிலுள்ள நீரின் மொத்த அளவு சொற்பமே. எனவே வேண்டிய வெப்பநிலையில் செயற்கை மூடுபனி ஒன்றை உண்டாக்கினால், அந்தக் காற்றிலுள்ள நீரின் அளவு நம் ஆணைக்குக் கட்டுப்படும். பிறகு சிறிது சூடாக்கினால் உலர்ந்த காற்றாகிவிடும். குளிர்நீரைத் தூவியே காற்றை உலர்த்தலாம் என்ற, கேட்பவர் நகைக்கக்கூடிய, முடிவுக்கு அவர் வந்தார். அந்த நீர்த்தூவல் கருவிக்கு 1906 ஜனவரி 2இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில் ஸ்டூவர்ட் கிரேமர் என்னும் நூற்பாலைப் பொறியாளர் ஏர் கண்டிஷனிங் என்ற பெயரை வழங்கினார். 1907இல் கேரியரின் அமைப்பொன்று ஜப்பானின் யோகோஹாமாப் பட்டு ஆலைக்குச் சென்றது. நூல், பட்டு, புகையிலை, தாள் எனச் சரக்குகளுக்குத்தான் முதலில் இந்த வசதி கிடைத்தது. மனிதர்கள் தம் முறைக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1911 டிசம்பரில் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் முன் அவர் ஓர் ஆய்வுரை படித்தார். காற்றின் வெப்பநிலை, ஒப்பு ஈரப்பதம், பனிநிலை, வெப்ப அடக்கம் ஆகியவற்றின் உறவை வாய்பாடுகளாகவும் வரைபடமாகவும் அது தந்தது. நம் ஆய்வகத்தில் ஈர உலர் குமிழ் ஈரமானியைச் சுற்றி அளவெடுத்துவிட்டு அட்டவணையில் தேடுகிறோமே, அந்த வேலைக்கு அடித்தளமிட்டவர்களுள் இவர் முதன்மையானவர். அவரது வரைபடம் சிற்சில திருத்தங்களோடு இன்றும் உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. இத்தனை துல்லியமான மனிதர் வீட்டு விவகாரங்களில் மறதிக்காரர். ஒருமுறை வெளியூருக்குப் பெரிய பெட்டியோடு கிளம்பிப் போய்த் திறந்து பார்த்தால் உள்ளே ஒரேயொரு கைக்குட்டைதான் இருந்ததாம்.

முதல் உலகப் போர் தொடங்கியதும் பஃபலோ நிறுவனத்தார் பொறியியற் பிரிவைச் சுருக்கிக்கொள்ள முடிவு செய்தனர். கேரியரும் அவருடைய நண்பர் இர்வின் லைல் முதலானோரும், ஆக எழுவர், தம் சேமிப்புகளையெல்லாம் திரட்டி 32,600 டாலர் முதலில் 1915 ஜூன் 26இல் சொந்த நிறுவனம் தொடங்கினர். 1922இல் மையவிலக்குக் குளிர்பதன எந்திரத்தை அறிமுகப்படுத்தினர். அதற்கு முன்பு அம்மோனியாவின் நெடியும் ஆபத்தும் இருந்ததால் மக்கள் கூடும் இடங்களுக்கு அதனைக் கொண்டுசெல்லத் தயங்கினர். அந்தத் தயக்கம் இப்போது நீங்கிற்று. 1924இல் டெட்ராய்ட் நகரப் பேரங்காடி ஒன்றின் கீழ்த்தளம் குளிர்ந்தது.

மறு ஆண்டு மே மாத இறுதியில் நியூயார்க்கின் ரிவோலித் திரையரங்கில் நடந்ததுதான் பெருங்கதை. கோடையில் ஆளின்றிக் கிடந்த அரங்கு அன்று நிரம்பி வழிந்தது. ஆனால் எந்திரத்தைக் கிளப்பத் தாமதமாகிவிட்டது. கதவுகள் திறந்தவுடன் கூட்டம் உள்ளே புகுந்தது; ஈராயிரம் பேரும் கைவிசிறியோடு விசிறிக்கொண்டிருந்தனர். கேரியர் பின்னால் நின்று வேர்த்துக்கொண்டிருந்தார். திரையுலகப் பெருந்தனக்காரர் அடால்ஃப் சூக்கர் மேல்மாடத்தில் அமர்ந்து கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது சிறிதாகக் குளிர்ந்த காற்று இறங்க, விசிறிகள் ஒவ்வொன்றாக மடியில் அடங்கின. கேரியருக்குப் போன உயிர் வந்தது.

எந்திரம் ஏன் உடனே குளிர்விக்கவில்லை? மனித உடலே ஓர் அடுப்பு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஏறத்தாழ நூறு வாட் வெப்பம் வெளியிடுகிறார். பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். ஈராயிரம் பேர் என்றால் இரண்டு இலட்சம் வாட். அவர்களுக்கு மட்டுமே 57 டன் வேண்டும். ஆட்கள் நுழையும் முன்பே அரங்கைக் குளிர்வித்து வைக்காவிட்டால் எந்திரம் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வேறொரு பாடத்தையும் திரையரங்குகளே கற்பித்தன. முற்காலத்தில் தரையிலுள்ள துளைகள் வழியே குளிர்காற்றை விட்டனர். பார்வையாளர்கள் காலில் செய்தித்தாளைச் சுற்றிக்கொண்டு படம் பார்க்க நேர்ந்தது. கனமான குளிர்காற்றை மேலிருந்து இறக்க வேண்டும் என்று மாற்றியவர்கள் கேரியர் குழுவினர். நம் வீட்டுப் பெட்டியைச் சுவரின் உச்சியில் மாட்டுவதற்கும் காரணம் அதுவே.

வீடுகளின் கதைக்கு வருவோம். 1914இல் மினியாபொலிஸ் நகரில் சார்லஸ் கேட்ஸ் என்னும் செல்வர் கட்டிய மாளிகைதான் குளிர்சாதனம் பெற்ற முதல் வீடு என்பர். எந்திரம் ஏழடி உயரம், ஆறடி அகலம், இருபதடி நீளம்; நம் கூடத்தையே அடைத்துக்கொள்ளும். வீடு முடியுமுன்பே 1913இல் கேட்ஸ் இறந்துவிட்டார். குடியிருக்க ஆளில்லாத வீட்டில் அப்பெரும் பூதம் கிடந்தது. 1928இல் கேரியர் நிறுவனம் வீட்டுக்கேற்ற சிறிய எந்திரத்தை விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே பங்குச்சந்தை வீழ்ந்து நாடு மந்தத்தில் மூழ்க, வாங்குவாரில்லை. நிறுவனமே தத்தளித்து, 1937இல் சிரக்யூஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது உயர வானத்துக் கடுங்குளிரை மண்ணில் உண்டாக்கி விமானங்களைச் சோதிக்கும் காற்றுச்சுரங்கத்தைக் கிளீவ்லண்டில் அமைக்க உதவினார். அதையே தம் தலைசிறந்த படைப்பாக அவர் கருதினார். 1950 அக்டோபர் 7இல் நியூயார்க்கில் காலமானார். பஃபலோ நகரின் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார். சாதாரண மக்கள் வீட்டுச் சன்னல்தோறும் குளிர்ப்பெட்டி தொங்கும் காட்சியை அவர் முழுமையாகக் காணவில்லை.

இனி நம் ஊர்க் கணக்கு. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாடியறைக்கு, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைதான், இரண்டு டன் பெட்டி வாங்கினார். பணிக்கொடைப் பணத்தில் கணிசமான பகுதி அதற்குப் போயிற்று. மனைவிக்கு இளைப்பு நோய், அதற்காகவே வாங்கினார். பெரியதாகப் போட்டால் சீக்கிரம் குளிரும் என்று விற்றவர் கூறியிருந்தார். கோடை ஒருவாறு கழிந்தது. ஐப்பசி அடைமழையில் அறை சில்லென்று இருந்தும் புழுக்கம் போகவில்லை. தலையணை நமத்தது, சுவரோரம் பூஞ்சை வாடை அடித்தது, அலமாரியிலிருந்த புத்தகங்களின் தாள்கள் நெளிந்தன. அம்மையாரின் இளைப்பு கூடிற்று. புரூக்ளின் அச்சகத்தைத் தொல்லைப்படுத்திய அதே ஈரம் 1902க்குப் பின் இத்தனை காலம் கழித்துப் போடியில் ஒரு மாடியறைக்குள் புகுந்துவிட்டது.

அந்த அறைக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? கேரியரின் தாயார் ஆப்பிளை நறுக்கியதுபோல் நாமும் வெப்பத்தை நறுக்குவோம். சித்திரை மாதப் பிற்பகல் என்று கொள்க. நாள் முழுதும் வெயிலில் காய்ந்த கான்கிரீட் கூரை வழியே ஏறத்தாழ 650 வாட் இறங்கும். மேற்குப் பார்த்த சுவரால் 300. மற்ற மூன்று சுவர்களால் இன்னொரு 300. சன்னல் 300. ஆசிரியரும் மனைவியும் 200. கதவிடுக்கில் நுழையும் காற்றும் அதன் ஈரமும் 300. விளக்கு, மின்விசிறி 100. மொத்தம் 2,150 வாட். தோராயக் கணக்குதான்; நூறு இருநூறு முன்பின் இருக்கலாம். ஒரு டன் பெட்டி 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும். கடும் வெயிலுக்கும் அதுவே தாராளம். இரண்டு டன் என்பது தேவையைப்போல் மூன்று மடங்குக்கு மேல்.

மழைக்கால இரவில் கூரையில் வெயிலில்லை, வெளியிலும் அனலில்லை. வெப்பம் 700 வாட் அளவுக்கு இறங்கிவிடும். ஏழாயிரம் வாட் எந்திரம் மணிக்கு ஆறு நிமிடம் ஓடினாலே வெப்பநிலை எட்டிவிடும், கம்ப்ரசர் நின்றுவிடும். உள்ளிருக்கும் சுருள் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்து, அதில் நீர் கோத்து, தட்டில் சொட்டி, குழாய் வழியே வெளியேறுவதற்குத் தொடர்ந்த ஓட்டம் வேண்டும். இடையில் நின்றுபோனால் சுருளில் கோத்த நீரை விசிறிக்காற்று மறுபடியும் அறைக்குள்ளேயே ஆவியாக்கிவிடும். குளிர் வந்தது, ஈரம் போகவில்லை. பெரிய பெட்டியின் குறை இதுதான். ஒரு டன்னாக இருந்தால் இரு மடங்கு நேரம் ஓடும். வேகத்தைத் தணித்து ஓடும் இன்வெர்ட்டர் வகையானால் நிற்காமல் மெல்ல ஓடி ஈரத்தை வடிக்கும். இரண்டு டன் இன்வெர்ட்டரும் ஓரளவுக்குக் கீழே தணிந்து ஓட இயலாது. விலை வேறு, மின்கட்டணம் வேறு; நம் மாநிலத்தில் இரண்டு மாதக் கணக்கில் யூனிட் ஏற ஏற விலையும் படி ஏறும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

நூற்றைம்பது சதுர அடிவரை ஒரு டன், இருநூறுவரை ஒன்றரை என்று கடைகளில் சொல்லும் வாய்க்கணக்கு முற்றிலும் தவறன்று. ஆனால் அதற்குக் கூரை தெரியாது, மேற்குச் சுவர் தெரியாது, உறங்குவோர் எத்தனை பேர் என்பதும் தெரியாது. மேலே இன்னொரு மாடி இருந்தால் நம் கணக்கில் 650 வாட் அப்படியே விழுந்துவிடும். மாறாக, முந்நூறு சதுர அடிக் கூடத்தில், மொட்டை மாடிக்குக் கீழே, எட்டுப் பேர் அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பதானால் ஒரு டன் பெட்டி மதியம் முழுதும் ஓடியும் தோற்றுப்போகும். சிறியது வாங்கியவரும் ஏமாந்தவரே. மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் கூரை வழி வரும் வெப்பம் கணிசமாகக் குறையும். சில ஆயிரம் ரூபாயில் முடியும் அவ்வேலையை முதலில் செய்துவிட்டுப் பின்னர் டன்னைக் கணக்கிடுவதே முறை. 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியிட்ட பெட்டிகளெல்லாம் 24 பாகையில்தான் தொடங்கும்படி விதி செய்யப்பட்டிருக்கிறது. அதை 18க்கு இறக்குவதால் அறை விரைவாகக் குளிர்ந்துவிடாது. நெடுநேரம் ஓடும், அவ்வளவே.

மலைச்சரிவில் பூப்பாறையிலும் சாந்தம்பாறையிலும் வாழும் தோழர்களுக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை. அவர்களுடைய தொல்லை ஈரம்தான். உலர்ந்த ஏலக்காய் காற்றிலுள்ள ஈரத்தை மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் கறுப்புப் பாலித்தீன் உறையிட்ட சாக்கில் கட்டி வைக்கிறார்கள். வீட்டிலோ துணிகளும் புத்தகங்களும் ஆடி மாதம் முழுதும் நமத்துக் கிடக்கின்றன. கேரியர் இன்றிருந்து அவ்வீடுகளைப் பார்த்தால் டன்னைப்பற்றிப் பேசமாட்டார். ஈரமானியைத்தான் முதலில் எடுப்பார்.

ஆசிரியர் அந்தப் பெட்டியைக் கீழ்த்தளக் கூடத்துக்கு மாற்றிவிட்டார். மாடிக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு டன் பெட்டி ஒன்றைத் தவணையில் வாங்கியிருக்கிறார். அம்மையாரின் புத்தகங்கள் இவ்வாண்டு நெளியவில்லை. நம் இயற்பியல் ஆய்வகத்தில் ஈர உலர் குமிழ் ஈரமானி இருக்கிறது. கோடை விடுமுறையில் தம் வீட்டு அறையின் நீள அகலம், கூரை, சன்னலின் திசை, உறங்குவோர் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வருவோர், பிற்பகல் ஆய்வக நேரம் முடிந்ததும் வந்தால், கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.